மெருகேற்றிய கொம்பும் மயிரிழை விரிசலும்

எக்காளம் ஊத எரிகோ நகரின் மதில் விழுந்த வேதாகமப் பாடத்தை விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) பிள்ளைகளுக்கு நடத்தும்போது படத்தைக் காட்டுவதைவிடக் கொம்பையே காட்டலாம் என்று எண்ணி, பாளையங்கோட்டையில் கிறிஸ்தவப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றின் மூலம் 2,600 ரூபாய்க்கு ஒரு ஷோபார் வரவழைத்தேன். யோசுவா 6ஆம் அதிகாரத்தில் வரும் கொம்பு எக்காளம் இதுதான். எக்காளம் என்றதும் நமக்குப் பித்தளைக் குழாய் கண்ணில் நிற்கிறது. இதுவோ ஆட்டுக்கடாவின் கொம்பிலிருந்து உள்ளெலும்பை நீக்கி, நுனியை அறுத்துத் துளையிட்டது, அவ்வளவே.

வெளிப்புறம் கண்ணாடிபோல் மின்னியது. வாயருகே கொண்டுபோனால், ஆட்டுத்தலையைத் தீயில் வாட்டும்போது எழும் அதே வாடை. ஓர் இரவு வினிகர் ஊற்றி வைத்தும் பாதிதான் போயிற்று. இரண்டு நாள் முயன்றும் எனக்கு வெறுங்காற்றே வந்தது. எங்கள் தெருவில் சங்கு ஊதும் பெரியவர் அதை வாங்கி, "கன்னத்தை உப்ப விடாதீங்க சார்வாள், உதடு மட்டும் துடிக்கணும்" என்று சொல்லி, முதல் மூச்சிலேயே முழக்கிவிட்டார்.

யூதர்கள் தங்கள் புத்தாண்டுக்கு முந்தைய ஏலூல் மாதக் காலைகளிலும், புத்தாண்டாகிய ரோஷ் ஹஷானாவிலும், பாவநிவிர்த்தி நாளின் முடிவிலும் இதை ஊதுகிறார்கள். நீண்ட ஒற்றை ஒலி தெக்கியா. மூன்றாக முறிந்து பெருமூச்சுப்போல் வருவது ஷெவாரிம். விம்மலைப்போல் ஒன்பது சிறு துண்டுகளாய்ச் சிதறுவது தெரூவா. ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்குப் பதிலாகப் பலியான கடாவை இது நினைவூட்டுகிறது. அதன் வளைவு பணிந்த மனத்தைக் குறிக்கிறது. பசுவின் கொம்பு ஆகாது, இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியை வணங்கிய பாவத்தை அது நினைவூட்டும் என்று யூதச் சட்ட விளக்க நூலாகிய தல்மூது காரணம் சொல்கிறது. உறங்குகிறவர்களை எழுப்பித் தங்கள் செயல்களைச் சோதிக்க வைக்கும் குரல் இது என்று 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதினார். ஊதுமுன் சொல்லும் ஆசீர்வாதம்கூட ஷோபாரின் குரலைக் கேட்கும்படி கட்டளையிட்ட கடவுளைத்தான் போற்றுகிறது. அதாவது, கடமை கேட்பதில் இருக்கிறது. பெட்டியோடு வந்த துண்டுத்தாளோ, வீட்டில் வைத்தாலே தரித்திரம் நீங்கும் என்று அளக்கிறது. எலுமிச்சை மிளகாய் கட்டித் தொங்கவிடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்கு விளங்கவில்லை.

பெரிய குறை பிறகுதான் தெரிந்தது. அகன்ற வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, நீளவாக்கில் மயிரிழை போன்ற விரிசலும், அதன்மேல் பசை பூசி மெருகேற்றிய தடமும் புலப்பட்டன. பிளந்து ஒட்டிய கொம்பு செல்லாது என்பது பழைய யூதச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவின் விதி. பாடம் நடத்துவதற்கு இது போதும் என்றாலும், வழிபாட்டுத் தரம் என்று அட்டையில் அச்சடித்து விற்பது சரியன்று. கேட்டதற்கு, "வெளியே பார்த்தா தெரியலையே சார்" என்றார் கடைக்காரர்.

பணம் திரும்பக் கிடைக்காதாம். வேறு கொம்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இம்முறை மெருகேற்றாததைக் கேட்டிருக்கிறேன்.