கைப்பிடி சுற்றினால் பேசும் வானொலி

நான்கு மாதங்களுக்கு முன் மட்டக்களப்பு பஜாரில் 6,500 ரூபாய் கொடுத்து இதை வாங்கினேன். அரைச் செங்கல் அளவு. பக்கத்தில் மடக்கி வைக்கும் கைப்பிடி, தலையில் சூரியத் தகடு, முன்னால் டோர்ச் விளக்கு. கல்லடியில் அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் குடியிருக்கும் எனக்கு இது ஆடம்பரம் இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையான போயா தினம். அப்போது நாவலடியில் இருந்தோம். காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்ரா பக்கம் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. பூமியின் மேலோடாக இருக்கும் பெரும் பாறைத் தட்டுகளில், இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் கீழே வழுகியதில், ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி முறிந்து எழும்பியது. அந்த நேரம் நான் வானொலியில் பாட்டுக் கேட்பதற்காக இரண்டு பழைய பற்றரிகளை மதிலில் வெயிலுக்கு வைத்துக்கொண்டிருந்தேன். தங்கை இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். சுனாமி அலை வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. வானொலி பேசியிருந்தாலும் பயனில்லை. இந்து சமுத்திரத்துக்கென்று எச்சரிக்கை அமைப்பே அன்று கிடையாது. தங்கை கிடைக்கவேயில்லை.

2012 ஏப்ரல் 11 அன்று பிற்பகல் மறுபடி அதே பக்கம் 8.6. இந்த முறை எச்சரிக்கை வந்தது, ஆனால் கைத்தொலைபேசியில் ஓர் அழைப்பும் போகவில்லை. பாலத்தை நோக்கி ஓடிய எங்களுக்கு விபரம் சொன்னது ஒரு முச்சக்கரவண்டியின் வானொலிதான். அன்று கடலடிப் பாறை பக்கவாட்டில் உரசி நகர்ந்ததால் பேரலை எழவில்லை. வாளித் தண்ணீருக்குள் சாப்பாட்டுத் தட்டைச் சட்டென்று மேலே தூக்கினால் நீர் தளும்பி வழியும், படுக்கையாக நகர்த்தினால் அவ்வளவு எழும்பாது. பேரப்பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்து காட்டினேன்.

பொருளுக்கு வருகிறேன். ஒரு நிமிடம் சுற்றினால் குறைந்த சத்தத்தில் பத்து நிமிடம் பேசுகிறது. தமிழ் நிலையங்கள் தெளிவாகக் கேட்கின்றன. டோர்ச் வெளிச்சம் கிணற்றடி வரை எட்டுகிறது. கைத்தொலைபேசிக்கு மின்னேற்றலாம் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். கை ஓயச் சுற்றியும் இரண்டு வீதம்கூட ஏறவில்லை. கடற்காற்றுக்குக் கைப்பிடி ஆணி துருப்பிடித்துக் கிரீச்சிடுகிறது. வாரத்துக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுகிறேன். ஏரியலைத் திருப்பும்போது அடியைப் பிடித்துத் திருப்புங்கள், நுனியைப் பிடித்தால் ஒடிந்துவிடலாம்.

அலுமாரிக்குள் வைக்காதீர்கள். என் வீட்டில் வாசல் ஆணியில், அடையாள அட்டைகள் இருக்கும் பையோடு தொங்குகிறது.