பின்சக்கர பிரேக் பிஸ்டனை உள்ளே தள்ள: சி-கிளாம்ப்பா, சுழற்றும் கருவியா?

பின்சக்கர டிஸ்க் பிரேக்கில் புதிய பேடுகளைப் (டிஸ்க்கைப் பற்றும் உராய்வுக் கட்டைகள்) பொருத்த, அவற்றை டிஸ்க்கோடு அழுத்தும், இப்போது வெளியே வந்திருக்கும் பிஸ்டனை மீண்டும் உள்ளே அனுப்பியாக வேண்டும். எந்தக் கருவி ஏற்றது என்பதை, பிஸ்டனையும் பேடுகளையும் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் அமைப்பே தீர்மானிக்கிறது.

செலவு: சி-கிளாம்ப் (சி வடிவத் திருகு இறுக்கி) மலிவானது, வேறு பல வேலைகளுக்கும் உதவும். சுழற்றும் கருவி விலை கூடியது. பெரும்பாலும் இந்த ஒரு வேலைக்கே பயன்படும்.

எளிமை: கிளாம்ப்பை நேராக இறுக்கினால் போதும். மற்றதில், பிஸ்டன் முகத்தின் பள்ளங்களுக்குப் பொருந்தும் தகட்டை மாட்டி, அழுத்தியபடியே திருப்ப வேண்டும். பெரும்பாலும் வலஞ்சுழியாக, சில கார்களில் ஒரு பக்கம் மட்டும் இடஞ்சுழியாக.

பாதுகாப்பு: மற்ற இரண்டையும்விட இதுவே முக்கியம். கேபிளால் இயங்கும் கைபிரேக் காலிப்பருக்குள்ளேயே அமைந்திருந்தால், பேடு தேயத் தேய இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் திருகு ஒன்று பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கும். கைபிரேக்கை விடுவித்த பின்னும் கிளாம்ப்புக்குப் பிஸ்டன் அசையாது, வலிந்து இறுக்கினால் அத்திருகே சேதமடையும். பிஸ்டன் அடம்பிடிக்கிறது என்று நினைத்துப் பலர் காலிப்பரையே இழப்பது இங்குதான்.

ஆகவே அத்தகைய காலிப்பருக்குச் சுழற்றும் கருவியே தேவை. கைபிரேக்குக்கெனத் தனி டிரம் உள்ள கார்களுக்குக் கிளாம்ப் போதும். மின்சாரக் கைபிரேக் என்றால், முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்கு (பேடு மாற்றுவதற்காக அதன் மோட்டார் பின்வாங்கி நிற்கும் நிலை) மாற்றாமல் எந்தக் கருவியையும் வைக்கக்கூடாது.