ஈஸிப்ராக்ஸி: சிறிய கல்லூரி நூலகத்துக்குத் தாங்குமா?

சமுதாயக் கல்லூரியில் இணையவழி படிக்கும் மாணவர் பலர் நூலகக் கட்டடத்துக்குள் ஒருமுறைகூடக் கால் வைப்பதில்லை. பகலில் வேலை, பிள்ளைகள் தூங்கிய பிறகு வகுப்பு. அவர்களைப் பொறுத்தவரை நூலகம் என்பது பாடப்பக்கத்தில் ஆசிரியர் போட்டுவைத்த லிங்க்தான். அதைத் தொட்டதும் கட்டுரை திறந்தால் நூலகம் உண்டு. பணம் கட்டச் சொல்லும் பதிப்பாளர் பக்கம் வந்து நின்றால் நூலகம் இல்லை. இரண்டில் எது நடக்கும் என்பதை அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் தீர்மானிப்பது ஈஸிப்ராக்ஸி என்ற மென்பொருள்.

இந்த மென்பொருளை எழுதியவரே ஒரு சமுதாயக் கல்லூரி நூலகர்தான். அரிசோனாவின் எஸ்ட்ரெல்லா மவுண்டன் சமுதாயக் கல்லூரியில் பணியாற்றிய கிறிஸ் ஸேகர் 1999இல் இதை உருவாக்கினார்; 2008இல் நூலகங்களின் கூட்டமைப்பான ஓசிஎல்சி வாங்கிக்கொண்டது. பிறந்த இடத்தின் அடையாளம் இன்றும் தெரிகிறது. தனியாகத் தரவுத்தள மென்பொருள் நிறுவ வேண்டாம், பெரிய கணினி வேண்டாம். லினக்ஸிலோ விண்டோஸிலோ ஓடும் ஒரே நிரல். அமைப்புகள் எல்லாம் சாதாரண உரைக்கோப்பில். இரண்டு மூன்று பேரே இருக்கும் நூலகத்தில், அந்த இரண்டு மூன்று பேரே பார்த்துக்கொள்ளக்கூடிய பொருள் இது.

வேலை செய்யும் விதம் எளிது. ஆய்விதழ்த் தரவுத்தளங்கள் கல்லூரியை அதன் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் அதற்குரிய எண்ணை, வைத்து அடையாளம் காண்கின்றன. வளாகத்துக்குள் இருந்தால் கதவு திறக்கும். வீட்டிலிருந்து வந்தால் திறக்காது. ஈஸிப்ராக்ஸி வளாக முகவரியோடு ப்ராக்ஸியாக, அதாவது இடைநிலை சர்வராக, நடுவில் நின்று, மாணவரின் கல்லூரிக் கணக்கைச் சரிபார்த்து, அவர் சார்பில் பக்கத்தை வாங்கி, அதிலுள்ள லிங்குகளையெல்லாம் தன் வழியாக வரும்படி திருத்தி அனுப்புகிறது. மாணவர் எதையும் நிறுவ வேண்டாம், கைப்பேசியே போதும். மெய்நிகர்த் தனிவலையமான விபிஎன்னோடு ஒப்பிட்டால் பெரிய ஆதாயம் இதுதான். கடன் வாங்கிய மடிக்கணினியிலும் பொது நூலகக் கணினியிலும் படிக்கும் மாணவர்களிடம் ஒரு மென்பொருளை நிறுவச் சொல்வது நடக்கிற காரியமல்ல.

நிறுவும்போது ஒரு முடிவை முதலிலேயே சரியாக எடுக்க வேண்டும். தரவுத்தளத் தளங்களைப் போர்ட் (சர்வரின் எண்ணிட்ட நுழைவாயில்) எண்ணால் பிரிப்பதா, பெயரால் பிரிப்பதா? நிறுவியதும் கிடைப்பது போர்ட் முறை: நுழைவுக்கு 2048, அதற்குப் பிறகு ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எண். அலுவலகங்கள், மருத்துவமனைகள், உயர்நிலைப் பள்ளிகளின் ஃபயர்வால் இந்த எண்களை அடைத்துவிடும். மாணவர் வேலை இடைவேளையில் படிக்க உட்காருவதும், பள்ளியிலிருந்தே கல்லூரிப் பாடம் எடுக்கும் மாணவர் உட்காருவதும் இப்படிப்பட்ட இடங்களில்தான். ஆகவே பெயர் முறைதான். அதற்கு வேண்டியவை மூன்று: கல்லூரியின் இணையப் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் நூலகத்தின் ப்ராக்ஸி பெயருக்கு ஒரு வைல்ட்கார்டு பதிவு (அதன் கீழ் வரும் எல்லாப் பெயருக்கும் பொருந்துவது), தளம் உண்மையானது என்று உலாவிக்குக் காட்ட அதே பெயருக்கு வைல்ட்கார்டு சான்றிதழ், 80, 443 என்ற இரண்டு போர்ட்கள். வைல்ட்கார்டு சான்றிதழ் ஒரு அடுக்குப் பெயரைத்தான் ஏற்கும். அதனால் தளப் பெயரிலுள்ள புள்ளிகளைச் சிறுகோடாக மாற்றும் அமைப்பையும் இயக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் ஒவ்வொரு தளத்திலும் உலாவி பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். மாணவர் பயந்து மூடிவிடுவார்.

சான்றிதழைப் பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை. பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது: 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2027இல் 100, 2029இல் 47. ஆண்டுக்கு ஒருமுறை கையால் புதுப்பித்து ஓட்டிய நூலகங்களுக்கு இது புதுச் சுமை. தேர்வு வாரத்தில் சான்றிதழ் காலாவதியானால் எல்லாத் தரவுத்தளமும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் இதைத் தானியங்கியாகச் செய்ய வழி தேடியே ஆக வேண்டும்.

அடுத்து அமைப்புக் கோப்பு. இந்தப் பொருளின் உயிரும் நோயும் இங்கேதான். ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் சில வரிகள் கொண்ட ஒரு பத்தி உண்டு. நூலகர்கள் அதை ஸ்டான்ஸா என்பார்கள். தலைப்பு, தொடக்க முகவரி, அனுமதிக்கப்பட்ட தளப் பெயர்கள் என்று அது போகும். பெரிய நிறுவனங்களுக்கான ஸ்டான்ஸாக்களை ஓசிஎல்சி தொகுத்து வெளியிடுகிறது, ஒட்டினால் போதும். ஆனால் பதிப்பாளர் தன் தளத்தைப் புதுப்பித்த மறுநாளே பழைய பத்தி பொய்த்துப்போகும். புதுத் தளங்கள் கட்டுரையின் உரையை ஒரு சர்வரிலிருந்தும், படங்களை இன்னொன்றிலிருந்தும், தேடல் முடிவுகளை மூன்றாவதிலிருந்தும் எடுக்கின்றன. மூன்றாவதன் பெயர் ஸ்டான்ஸாவில் இல்லையென்றால் பக்கம் திறக்கும், ஆனால் முடிவுகள் வரவேண்டிய இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. மாணவர் தன் இணைய இணைப்பைத்தான் குறை சொல்வார்.

கண்டுபிடிக்கும் வழி: உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். ப்ராக்ஸியின் பெயர் ஒட்டாமல் நேராகப் போகும் கோரிக்கை எதுவும் தோற்றிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தளப் பெயரை ஸ்டான்ஸாவில் சேர்த்து, நிரலை மறுதொடக்கம் செய்யுங்கள். ஜாவாஸ்கிரிப்டுக்குள் இருக்கும் முகவரிகளும் திருத்தப்பட வேண்டுமென்றால் தளப் பெயரை அனுமதிக்கும் வெறும் ஹோஸ்ட் வரி போதாது. அதற்கென உள்ள எச்ஜே (HJ) அல்லது டிஜே (DJ) வரி வேண்டும். தொல்லை தீரட்டும் என்று மேகச் சேமிப்பு நிறுவனம் ஒன்றின் முழு டொமைனையும் ஒரே வரியில் அனுமதித்துவிடக் கூடாது. நூலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரம் தளங்களும் அந்த வழியில் உள்ளே வந்துவிடும்.

இரண்டு பொறிகள் அடிக்கடி ஆளை மாட்டிவிடுகின்றன. சில ஸ்டான்ஸாக்கள் குக்கி (தளம் உலாவியில் சேமித்துவைக்கும் சிறு குறிப்பு) தொடர்பான ஒரு ஆப்ஷனைத் தொடக்கத்தில் இயக்கி, முடிவில் பழைய நிலைக்குத் திருப்பும். ஒட்டும்போது கடைசி வரி விட்டுப்போனால், அதற்குக் கீழே உள்ள தரவுத்தளங்கள் எல்லாம் காரணமே இல்லாமல் கெடுவது போலத் தோன்றும். இரண்டாவது, மெய்நிகர் ஹோஸ்ட்களின், அதாவது ஈஸிப்ராக்ஸி தன் வழியாகத் திறக்கும் தளப் பெயர்களின், உச்ச வரம்பு. இயல்பாக அது 200 மட்டுமே. இன்றைய தளங்களுக்கு இது ஒரு மூலைக்குக் காணாது. வரம்பு நிரம்பியதும் பழைய தரவுத்தளங்கள் ஓடும், புதிதாகச் சேர்த்தவை திறக்காது. இப்படி ஒரு புகார் வந்தால் ஸ்டான்ஸாவில் நேரத்தைக் கழிக்காமல் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். ஒரே நேரத்தில் நடக்கும் அமர்வுகளின் இயல்பு வரம்பான 500ஐயும் இணைய வகுப்புகள் அதிகமுள்ள கல்லூரி கூட்டி வைக்க வேண்டும்.

கணக்குச் சரிபார்ப்பைக் கல்லூரியின் பயனர் பட்டியலான எல்டேப்போடு அல்லது ஒருமுறை நுழைந்தால் எல்லாச் சேவைக்கும் போதுமான எஸ்ஏஎம்எல் ஒற்றை நுழைவோடு இணைக்கலாம். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. இணையவழிப் பாடத்தளமான கேன்வாஸில் ஏற்கெனவே நுழைந்த மாணவரிடம் மறுபடி கடவுச்சொல் கேட்காது என்பதால் ஒற்றை நுழைவே மேல். பருவத்தின் முதல் வாரத்தில் வரும் புகார்களுக்கு வேறு காரணம் உண்டு. கடைசி நாளில் சேர்ந்த மாணவரின் பதிவு இரவுநேரப் புதுப்பிப்பில்தான் அடையாள சர்வருக்குப் போய்ச் சேரும். அதுவரை கதவு திறக்காது. அந்த வாரத்துக் கட்டாய வாசிப்பைத் தரவுத்தளத்தில் வைக்காமல், எல்லோருக்கும் திறந்திருக்கும் பாடநூலிலிருந்து கொடுக்கும்படி ஆசிரியர்களிடம் சொல்வது நல்லது.

மென்பொருள் எவ்வளவு சரியாக இருந்தாலும் காரியம் கெடுகிற இடம் பாடப்பக்கம். ஆசிரியர் கட்டுரையைத் திறந்து, முகவரிப் பட்டியில் உள்ளதை அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறார். அதில் அன்றைய அமர்வின் எண் இருக்கும். மறுநாள் அது செத்துவிடும். தரவுத்தளம் தரும் நிலையான லிங்கை எடுத்து, அதற்கு முன்னால் கல்லூரியின் ப்ராக்ஸி முன்னொட்டை (லிங்கை ஈஸிப்ராக்ஸி வழியாகத் திருப்பும் முகவரித் துண்டு) சேர்ப்பதுதான் சரியான முறை. இதிலும் ஒரு சிக்கல். எப்ஸ்கோ போன்ற தரவுத்தள நிறுவனங்களின் நிர்வாகப் பக்கத்தில் முன்னொட்டை ஒருமுறை பதித்துவிட்டால், அவை தரும் நிலையான லிங்கிலேயே அது இருக்கும். ஆசிரியர் தானும் ஒன்றைச் சேர்த்தால் முன்னொட்டு இரட்டிப்பாகி லிங்க் உடையும். ஆய்விதழ்த் தரவுத்தளமான ஜேஸ்டோரின் நிலையான லிங்கை நகலெடுக்கும்போது முன்னொட்டு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரைக்குரிய நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ லிங்க் பயன்படுத்தினால் டிஓஐ தளத்துக்கும் ஒரு ஸ்டான்ஸா வேண்டும். இல்லையேல் இந்தத் தளம் பட்டியலில் இல்லை என்று ஈஸிப்ராக்ஸி ஒரு பக்கம் காட்டி நிறுத்திவிடும். அந்தப் பக்கத்தின் வாசகத்தை மாற்றி, நூலகத்துக்குத் தகவல் அனுப்பும் பொத்தானை வைப்பது பத்து நிமிட வேலை. செய்யாமல் விட்டிருக்கும் கல்லூரிகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது; மாணவர் கைவிடும் இடம் அதுதான்.

ஆசிரியர்களிடம் முன்னொட்டு விதிகளை விளக்கிக்கொண்டிருப்பதைவிட, நூலக இணையதளத்தில் ஒரு சிறு லிங்க் செய்யும் படிவம் வைப்பது மேல். பகுதிநேர ஆசிரியர் மூன்று கல்லூரிகளில் பாடம் எடுக்கிறவராக இருப்பார். மூன்று முன்னொட்டுகளை மனப்பாடம் செய்ய மாட்டார். எந்த லிங்கை ஒட்டினாலும் பழைய முன்னொட்டை உரித்து, சரியானதைச் சேர்த்துத் தரும் படிவமாக அது இருக்க வேண்டும். கேன்வாஸிலோ அதுபோன்ற மூடிலிலோ அந்த லிங்கைப் புதிய தாவலில் திறக்கும்படி வையுங்கள். பக்கத்துக்குள்ளேயே சட்டமிட்டுக் காட்டினால் பதிப்பாளர் தளமோ உலாவியின் குக்கித் தடையோ மறித்துவிடும்.

கேன்வாஸின் லிங்க் சரிபார்க்கும் கருவியை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். அது தட்டும்போது நுழைவுப் பக்கம் நன்றாகத் திறக்கும், லிங்க் உயிரோடிருக்கிறது என்று பதிவாகும். அதற்கு அப்பால் கட்டுரை இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. வளாகத்துக்குள்ளிருந்து சோதிப்பதும் அதே அளவு ஏமாற்றும். வளாக முகவரிகளுக்கு விலக்கு கொடுத்திருந்தால் ஈஸிப்ராக்ஸி ஒதுங்கிக்கொண்டு நேராகத் தளத்துக்கே அனுப்பிவிடும். உடைந்த ஸ்டான்ஸாகூட அலுவலக மேசையில் நன்றாக ஓடுவது போலத் தெரியும். கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பார்ப்பதே சோதனை.

முறைகேட்டுப் பாதுகாப்பு பழமையானதுதான், ஆனால் உழைக்கிறது. ஒரு மாணவரின் கடவுச்சொல் திருடு போனால், திருடியவர் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை இறக்குவார். பதிப்பாளர் அந்த ஒரு மாணவரைத் தடுக்க மாட்டார். ப்ராக்ஸியின் முகவரியையே மூடுவார். மொத்தக் கல்லூரியும் வெளியே நிற்கும். இதைத் தவிர்க்க யூசேஜ்லிமிட் என்ற வரி இருக்கிறது: இத்தனை நிமிடத்தில் இத்தனை மெகாபைட்டுக்கு மேல் போனால் அந்தக் கணக்கு மட்டும் நிறுத்தப்படும். முதல் சில வாரம் கண்காணிப்பில் மட்டும் ஓட்டி, மாணவர்கள் உண்மையில் எவ்வளவு இறக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு அமல்படுத்துங்கள். மின்புத்தகத்தை முழுதாக இறக்கும் நேர்மையான மாணவர் மாட்டிக்கொள்ளக் கூடாது. தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப முயலும் முகவரிகளைத் தடுக்கும் வரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதிவேடுகள் விஷயத்தில் நூலகரின் கவலையைப் புரிந்துகொண்டு செய்திருக்கிறார்கள். யார் எதைப் படித்தார் என்பதை இயல்பாக இது பெயரோடு எழுதி வைப்பதில்லை. நாம் ஆப்ஷனை இயக்கினால்தான் எழுதும். முறைகேட்டைத் துரத்தப் பெயர் தேவைப்படும் என்று அதை இயக்கினால், எத்தனை நாளில் அழிப்பது என்பதையும் அன்றைக்கே எழுதி முடிவு செய்துவிட வேண்டும். எந்தப் பாடத்தின் லிங்க் எத்தனை முறை தட்டப்பட்டது என்று அறியத் தொடக்க முகவரிகளை மட்டும் பதியும் தனிப் பதிவேடு உண்டு. சந்தாவைப் புதுப்பிக்கும் பேச்சில் கையில் வைத்துக்கொள்ள அது போதும், மாணவர் பெயர் வேண்டியதில்லை.

ஓபன்ஏதென்ஸ் போன்ற மாற்றுகள் பக்கத்தைத் திருத்துவதில்லை. மாணவர் யார் என்று பதிப்பாளருக்கு நேராகச் சான்று கொடுக்கின்றன. ஸ்டான்ஸா பராமரிப்பு என்ற தலைவலி அங்கே கிடையாது. ஆனால் அந்த முறையை ஏற்காத சிறு நிறுவனங்களின் தரவுத்தளங்கள் இன்னும் உண்டு. தொழிற்பயிற்சிப் பாடங்களுக்கு அவற்றையும் வாங்கும் சமுதாயக் கல்லூரிக்கு ஈஸிப்ராக்ஸியை முழுதாகக் கைவிடுவது கடினம்.

சொந்த சர்வரா, ஓசிஎல்சியே நடத்தும் சேவையா என்ற கேள்விக்கு எங்கள் பதில் ஆளைப் பொறுத்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் இதற்கென ஒதுக்கக்கூடிய நூலகர் இருந்தால் சொந்த சர்வர். திருத்தம் அன்றைக்கே நடக்கும். அப்படி ஒருவர் இல்லையென்றால் அவர்களிடமே விட்டுவிடுங்கள். ஸ்டான்ஸாவும் சான்றிதழும் அவர்கள் பாடு. மாறும்போது ஐபி முகவரி மாறும் என்பதால், ஒவ்வொரு பதிப்பாளருக்கும் புது முகவரியை எழுதித் தெரிவித்து, பதில் வந்ததைப் பட்டியலில் குறித்துக்கொண்ட பிறகே பழையதை நிறுத்துங்கள். பழைய ப்ராக்ஸிப் பெயரை மட்டும் டிஎன்எஸ்ஸிலிருந்து அழிக்காதீர்கள். பாடங்கள் பருவம் பருவமாக நகலெடுக்கப்படுவதால் அந்தப் பெயர் நூற்றுக்கணக்கான பாடப்பக்கங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெயருக்கு வரும் ஒவ்வொரு லிங்கையும் புது முன்னொட்டுக்குத் திருப்பிவிடும் ஒரு சிறு விதியைப் பல ஆண்டுகள் ஓடவிடுங்கள்.