டெஸ்டிங் ரிப்போர்ட்: எக்செலா, டெஸ்ட்ரெயிலா, எக்ஸ்ரேயா?

சாஃப்ட்வேர் டெஸ்ட் கேஸ்களையும் (எதை, எந்தப் படிகளில் சோதிப்பது என்ற குறிப்புகள்) அவற்றின் ரிசல்ட்டையும் எதில் வைப்பது? எங்கள் டீம் எக்செலை விட்டு, இதற்கென்றே உள்ள டெஸ்ட்ரெயில் என்ற டூலுக்கு மாறிவிட்டது. ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

எக்செலின் வசதிகளை நீட்டி முழக்கத் தேவையில்லை. யாருக்கும் கற்றுத்தர வேண்டாம், மேனேஜருக்கு அப்படியே அனுப்பலாம். இரண்டு டெஸ்டர்கள், எப்போதாவது ஒரு ரிலீஸ் என்றால் அதுவே போதும்.

பராமரிப்பில்தான் சிக்கல். ஒவ்வொரு ரிலீஸுக்கும் பழைய ஷீட்டை நகலெடுத்து, ரிசல்ட்டை அழித்துவிட்டுத் தொடங்குவோம். லாகினில் ஒரு படி மாறினால் அதைத் தொடும் கேஸ்களை எல்லா நகலிலும் திருத்த வேண்டும். யார் திருத்துகிறார்கள்? சில மாதங்களில் எந்த ஷீட் சரியானது என்பதே வாக்குவாதமாகிவிடும். கீழே புதிதாகச் சேர்த்த வரிகள் ஃபார்முலாவுக்குள் வராமல் நிற்பது தனிக் கதை.

டெஸ்ட்ரெயிலில் கேஸ் ஓரிடத்தில்தான் இருக்கும். ரிலீஸுக்கு ஒரு டெஸ்ட் ரன் (அந்த முறை ஓட்ட வேண்டிய கேஸ்களின் தொகுப்பு) போட்டுக்கொள்ளலாம். கேஸைத் திருத்தினால் நடந்துகொண்டிருக்கும் ரன்னிலும் அது தெரியும். மூடிய ரன் மட்டும் அன்று இருந்தபடியே இருக்கும். ஆறு மாதம் கழித்து, ‘போன ரிலீஸில் இதைச் சோதித்தீர்களா, எந்தப் படிகளோடு?’ என்று யாராவது கேட்டால் அந்த ரன்னைத் திறந்து காட்டலாம். எனக்கு இது ஒன்றே மாறப் போதுமான காரணம்.

ரிப்போர்ட்டிலும் இதன் பலன் தெரியும். 200 கேஸில் 100 ஓட்டி 90 பாஸ் என்று வையுங்கள். தேர்ச்சி 90 சதவீதமா, 45 சதவீதமா? இரண்டுக்கும் கணக்கு உண்டு. எக்செலில் அது ஃபார்முலா எழுதியவர் இஷ்டம். டெஸ்ட்ரெயிலில் பாஸ், ஃபெயில், பிளாக்ட் (ஏதோ தடையால் ஓட்ட முடியவில்லை), ரீடெஸ்ட் (மறுபடி சோதிக்க வேண்டும்), அன்டெஸ்டட் (இன்னும் ஓட்டவில்லை) என்று ஐந்து நிலைகள் ஆரம்பத்திலேயே இருக்கின்றன. ஓட்டாத 100 கேஸும் பக்கத்திலேயே தெரிவதால் 90-ஐ மட்டும் காட்டித் தப்பிப்பது கொஞ்சம் கஷ்டம். ஓட்டாமலே பாஸ் போடுபவரை எந்த டூலும் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

அப்புறம் எக்ஸ்ரே. இதுவும் டெஸ்டிங் டூல்தான், ஆனால் ஜிராவுக்குள்ளேயே (டீமின் வேலைகளை டிக்கெட்டுகளாகப் பதியும் டூல்) இயங்குகிறது. டெஸ்ட்டும் ஒரு ஜிரா டிக்கெட்தான். ஸ்டோரி (செய்ய வேண்டிய தேவை), டெஸ்ட், பக் (பிழை) மூன்றும் ஒரே சங்கிலியில் வருவதால் எந்தத் தேவைக்கு டெஸ்ட் இல்லை என்பது உடனே தெரியும். இதில் டெஸ்ட்ரெயிலை விட ஒரு படி மேல் என்றே சொல்வேன். ஆனால் லைசென்ஸ் டெஸ்டர்களின் எண்ணிக்கைக்கு அல்ல, ஜிராவில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து. டெஸ்டர்கள் கொஞ்சம், டெவலப்பர்கள் நிறைய என்றால் அது உறைக்கும். நான் எக்ஸ்ரேயைச் சின்ன ப்ராஜெக்டில் மட்டும் பார்த்தவன்; அந்த அளவுக்கே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோமேஷன் (தானாக ஓடும் டெஸ்ட்) ரிசல்ட்டை ஜேயூனிட் எக்ஸ்எம்எல் என்ற ஃபைல் வடிவம் வழியாக டெஸ்ட்ரெயில், எக்ஸ்ரே இரண்டிலும் ஏற்றலாம், அதில் பெரிய வித்தியாசமில்லை.

எக்செலிலிருந்து டெஸ்ட்ரெயிலுக்கு மாறுவதென்றால் ஷீட்டை சிஎஸ்வி ஃபைலாக (கமாவால் பிரித்த வெறும் டெக்ஸ்ட்) சேமித்து டெஸ்ட்ரெயிலில் ஏற்றிவிடலாம். அதற்கு முன் செத்த கேஸ்களையும் இரட்டைப் பதிவுகளையும் களைந்துவிடுங்கள். பழைய பாஸ், ஃபெயில் வரலாற்றைக் கொண்டுவர மெனக்கெட வேண்டாம்; அந்த ஷீட்டுகளைப் படிக்க மட்டும் என்று பூட்டி வைத்தால் போதும்.