குளிக்க உதவும் சாதனங்கள்: நாற்காலி, சக்கர நாற்காலி, கைப்பிடிக் கம்பி – எது யாருக்கு?

நடமாட்டம் குறைந்த ஒருவருக்குக் குளியல் சாதனம் வாங்கச் செல்பவர்கள் பெரும்பாலும் கடையில் உள்ள நாற்காலிகளைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: அவரால் பிடித்துக்கொண்டாவது சில நொடிகள் நிற்க முடியுமா என்பதும், வீட்டுக் குளியலறையின் வாசலும் சுவரும் எப்படி இருக்கின்றன என்பதும். குமரி மாவட்டத்துப் பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் குளியலறை பின்புறம் கிணற்றை ஒட்டித் தனியாக இருக்கும். வாசலில் ஒரு படியாவது இருக்கும். அந்தப் படியே பாதித் தேர்வை முடித்துவிடுகிறது.

பிடித்துக்கொண்டு நிற்கக்கூடியவருக்குச் சக்கரமில்லாத குளியல் நாற்காலியே போதும். வீட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு சமாளிப்பவர்கள் அதிகம். ஆனால் அதன் கால்கள் சோப்புத் தண்ணீரில் விரிந்து வழுக்கும், இருக்கை தாழ்ந்து பின்னோக்கிச் சரிந்திருப்பதால் முழங்கால் வலி உள்ளவர் எழுவதும் கடினம். குளியல் நாற்காலியின் கால்களை உயர்த்தித் தாழ்த்தலாம். இருக்கை தரையிலிருந்து 43 முதல் 48 சென்டிமீட்டர் வரை இருந்தால், பாதம் தரையில் முழுவதும் பதியும், எழுவதும் எளிது. பக்கவாதம் வந்தவருக்கு முதுகுச் சாய்வும் கைப்பிடியும் உள்ளதையே வாங்க வேண்டும். வெறும் ஸ்டூல் கூடாது.

நிற்கவே முடியாதவருக்குச் சக்கரம் வைத்த கமோடு நாற்காலிதான் (இருக்கையில் மலம் கழிக்கத் துளை உள்ள நாற்காலி) சரி. படுக்கையருகே ஒரு முறை மாற்றி உட்கார வைத்தால், கழிப்பறைக்கும் குளியலுக்கும் அதிலேயே கொண்டுபோகலாம் என்பதால் துணைக்கு நிற்பவரின் இடுப்பும் தப்பும். கைப்பிடி மடங்குவதாகவோ கழற்றக்கூடியதாகவோ இருந்தால் படுக்கையிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தலாம். இதற்குச் சமமான தரையும் போதிய வாசல் அகலமும் வேண்டும். சிறு சக்கரங்கள் படியில் முட்டி நின்றுவிடும், ஆளோடு தூக்கி இறக்குவது ஆபத்து. எனவே படி உள்ள வீட்டில் முதல் செலவு நாற்காலிக்கன்று, சிமெண்டில் ஒரு சாய்தளம் அமைப்பதற்கு.

கைப்பிடிக் கம்பி விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். துளையிடாமல் சுவரில் உறிஞ்சி ஒட்டும் வகை பார்க்க வசதியானது. ஆனால் டைல்ஸ் சொரசொரப்பாக இருந்தாலோ, உறிஞ்சும் ரப்பர் கிண்ணம் இரு டைல்ஸ்களின் இடைக்கோட்டில் பட்டாலோ காற்றுப் புகுந்து சொல்லாமல் கழன்றுவிடும். விழப்போகிறவர் முழு எடையையும் போடுவது அந்தக் கணத்தில்தான் என்பதால் அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. திருகாணி போட்டுப் பதிக்கும் கம்பியே நம்பத்தக்கது. ஆனால் அதற்குச் சுவர் ஒத்துழைக்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வெட்டுக்கல் சுவர்களிலும், உள்ளே வெற்றிடமுள்ள சிமெண்ட் கல் சுவர்களிலும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிப்பதில்லை, துளை பொடிந்துவிடும். அங்கே சுவரை ஊடுருவும் போல்ட்டு போட்டு, மறுபுறம் தகடு வைத்து முறுக்குவதே பாதுகாப்பு. உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ 85 முதல் 90 சென்டிமீட்டர். பக்கவாதம் வந்தவருக்கு வலுவுள்ள கை எட்டும் பக்கத்தில்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உலோகமும் ஒரு தேர்வு. குரோமியம் பூசிய இரும்பு உப்புக்காற்றில் விரைவில் துருவேறும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் நாளடைவில் பழுப்புப் புள்ளி விடக்கூடும். 316 ரகம் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடுதல். நல்ல கம்பியோடு மட்டமான திருகாணி வருவதுண்டு: கம்பியைச் சுவரோடு பிடிக்கும் தட்டுக்கு அடியிலிருந்து டைல்ஸில் செம்பழுப்புக் கோடு இறங்கினால் திருகாணி அரிக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். நாற்காலிக்கு அலுமினியச் சட்டம் இங்கே பொருந்தும்.

எது வாங்கினாலும் வாளியைத் தரையில் வைத்தால் பயன் பாதிதான், ஏனெனில் குனிந்து மொள்ளும்போதே ஆள் முன்னே சரிகிறார். வாளியைச் சிறு ஸ்டூல் மீது வைக்கலாம். கைஷவர் இருந்தால் இன்னும் நல்லது. நீரிழிவால் கால் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது என்பதால், பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, வெந்நீரைக் கலந்து, துணையாள் கையால் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். எண்ணெய்க் குளியல் உள்ள நாளில் நாற்காலியின் கால்முனை ரப்பர்களைச் சோப்பிட்டுக் கழுவிவிட வேண்டும்; ரப்பர் விளையும் மாவட்டத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, எண்ணெயில் ஊறினால் அது உப்பித் தளர்ந்துவிடும்.

வசதி குறைந்த குடும்பத்து மூத்த குடிமக்களுக்கு உதவி சாதனங்கள் தரும், 2017-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டமான ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனாவில் கமோடு நாற்காலியும் வழங்கப்படுகிறது. அத்திட்டத்தின் முகாமில் அளவெடுக்கும்போது குளியலறை வாசலின் அகலத்தையும் படியின் உயரத்தையும் குறித்துச் சென்று, சக்கரம் உள்ளது வேண்டுமா இல்லாதது வேண்டுமா என்று அங்கேயே கேட்டுப் பெறுவது நல்லது.