சலான் வந்தால்: உடனே கட்டுவதா, மறுப்பதா, ஆறப்போடுவதா?

போனில் சலான், அதாவது போக்குவரத்து அபராதச் சீட்டு, வந்ததும் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். முதலில் சலானோடு இருக்கும் வண்டிப் படத்தைப் பாருங்கள். மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணையும், சேஸிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி 5 இலக்கங்களையும் கொடுத்தால் விவரம் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்போடு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வரும் ‘சலான்’ மோசடி. அதைத் தொடவே வேண்டாம்.

தப்பு நம்முடையது என்றால் உடனே கட்டுவதுதான் நல்லது. 2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே சட்டம்தான். வீட்டிலிருந்தே 5 நிமிடத்தில் முடிகிற வேலை.

ஆனால் செய்யாத தப்புக்கு, புகார்கூடப் போடாமல் ‘தொல்லை விட்டது’ என்று கட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசினால் முதல் முறை 1,000, மறுமுறை 10,000. செய்யாத குற்றத்தை நாமே ஏன் முதல் முறையாகக் கணக்கில் ஏற்ற வேண்டும்?

எங்கள் தெரு காய்கறிக்கடை அண்ணனுக்கு ஹெல்மெட் சலான் வந்தது. ஆயிரம் ரூபாயை எடுத்து வைத்துவிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அண்ணனிடம் இருப்பது ஸ்கூட்டர், படத்தில் இருந்தது பைக். நம்பர் பிளேட்டில் சேறு படிந்து 3 என்பது 8 போலத் தெரிந்திருக்கிறது. ஸ்கூட்டரை முன்னும் பின்னும் படம் எடுத்து, ஆர்சி நகலோடு அதே தளத்தின் புகார் பகுதியில் போட்டோம். மூன்று வாரத்தில் ரத்தானது.

புகாருக்குச் செலவில்லை. கோர்ட் அப்படியில்லை. சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (இணையவழி கோர்ட்) போயிருந்தால் அபராதத்தை ஆன்லைனிலேயே கட்டலாம். மறுத்தால் வழக்கு வழக்கமான கோர்ட்டுக்குப் போகும், நாமும் நேரில் போகவேண்டி வரும். 500 ரூபாய் சிக்னல் சலானுக்காக ஒரு நாள் கூலியை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. பெரிய தொகை என்றால் போகத்தான் வேண்டும். குடித்துவிட்டு ஓட்டியதற்கோ இந்தத் தேர்வே கிடையாது, கோர்ட்தான். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விழலாம்.

அப்புறம், ஆறப்போடுவது. 2022 மார்ச்சில் தெலங்கானாவில் இருசக்கர வண்டிக்கு நிலுவை அபராதத்தில் கால்வாசி கட்டினால் போதும் என்றார்கள். 2023 பிப்ரவரியில் கர்நாடகாவில் பாதி. அதைக் கேட்டு இங்கேயும் பலர் தள்ளுபடிக்குக் காத்திருக்கிறார்கள். மூன்றில் மோசமான வழி இதுதான். நிலுவை இருந்தால் வண்டியை விற்கும் நேரத்தில் பெயர் மாற்றம் நின்றுபோகும்.

பழைய வண்டியை விற்றவர்கள் இன்றே தளத்தில் ஒருமுறை பாருங்கள். விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாறாதவரை, வாங்கியவர் சிக்னலைத் தாண்டினாலும் சலான் உங்கள் பெயருக்குத்தான் வரும்.