புதுத் தொட்டியில் முதல் செடி: ஹைட்ரில்லாவா, அனுபியாஸா?

மீன் விடுவதற்கு முன் நான்கைந்து வாரம் செடிகளை மட்டும் வைத்துத் தொட்டியைப் பழக்க வேண்டும், அதாவது மீன் கழிவைத் தாங்கும்படி தயாராக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தச் செடி என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள்.

கடையில் கண்ணைப் பறிப்பது அனுபியாஸ். தடித்த கரும்பச்சை இலை. கட்டையில் கட்டிவிட்டால் போதும், மங்கிய வெளிச்சத்திலும் பிழைக்கும். ஆனால் ஒரு புது இலை விரியவே வாரக்கணக்காகும். மெதுவாக வளர்வது மெதுவாகத்தான் உண்ணும். தண்ணீரில் மிஞ்சுகிற சத்தைப் பாசி எடுத்துக்கொண்டு, அந்த அழகான இலைகளின் மேலேயே படிந்துவிடும்.

ஹைட்ரில்லா இதற்கு நேரெதிர். பள்ளி ஆய்வகத்தில் புனலைக் கவிழ்த்து ஒளிச்சேர்க்கையைக் காட்டினார்களே, அதே செடிதான். விளக்கைப் போட்டுச் சற்று நேரம் பாருங்கள்: ஒடிந்த தண்டின் நுனியிலிருந்து குமிழிகள் மணி கோத்தாற்போல் வரிசையாக மேலேறும். மீன் கழிவிலிருந்து வருகிற, மீனுக்கே நஞ்சான அம்மோனியாதான் இதற்கு உணவு. வளர வளர நறுக்க வேண்டியிருக்கும். நறுக்கி எடுக்கும் ஒவ்வொரு பிடியோடும் அது உறிஞ்சிய கழிவும் வெளியேறுகிறது. வேரே இல்லாத ஹார்ன்வார்ட்டும் இதே வேலையை மிதந்தபடி செய்யும்.

குளத்திலிருந்து எடுத்துவரும் இத்தகைய செடிக்கு ஒரு குறை உண்டு. இலையடியில் கண்ணாடிப் பசைபோல் நத்தை முட்டை ஒட்டியிருக்கும். சில சமயம் தட்டானின் இளம்புழுவும் வரும், அது மீன்குஞ்சைப் பிடித்துத் தின்னும். மீன் இல்லாத வாரங்களில் இவை கண்ணில் பட்டுவிடும், எடுத்துவிடலாம்.

அமேசான் வாள்செடியை முதலில் வாங்காதீர்கள். அது வேர்வழி உண்பது, வெறும் மணலில் பட்டினி கிடக்கும். பண்ணையில் நீருக்கு மேலே வளர்ந்த இலைகள் தொட்டிக்குள் கரைவதைக் கண்டு, செத்துவிட்டதென்று பிடுங்கி எறிபவர்கள் ஏராளம்.

என் தேர்வு ஹைட்ரில்லா. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். அதில் பாதித் தரையாவது மறையும்படி நடுங்கள். விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். மூன்றாவது வாரம் அதன் நிழலில் அனுபியாஸை வையுங்கள், கிழங்குத் தண்டை மட்டும் மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும்.

மீன் இல்லாத இந்த வாரங்களிலும் சிட்டிகை மீன் உணவை இரண்டு நாளுக்கொரு முறை போட்டு வாருங்கள், அது அழுகி அம்மோனியா தரும். அப்போதும் தண்ணீர்ச் சோதனையில் அம்மோனியா, அதிலிருந்து உண்டாகும் இன்னொரு நஞ்சான நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகவே நின்றால் மீன் விடலாம். முதல் வாரம் நான்கு சிறு மீன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.